பூத்த தொட்டியா, பச்சைக் கன்றா, காய்ந்த கிழங்கா: இலையுதிர்காலப் பூச்செடிகள் வாங்குமுன்

இலையுதிர்காலம் நெருங்கியதும் செடிக் கடைகளின் முன்வரிசையை செவ்வந்தித் தொட்டிகள் பிடித்துக்கொள்கின்றன. சாமந்தி என்றும் சொல்லும் அதே செடிதான். பந்து போலத் திரண்டு, இலையே தெரியாத அளவுக்கு மொட்டும் பூவுமாக நிற்கும். பத்தே நாளில் கருகிவிட்டது என்று ஒருவர் குறைப்படுவார், ஆறு வருடமாகப் பூக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். இருவரும் வாங்கியது ஒரே சரக்கு, இருவர் சொல்வதும் உண்மை. எந்தப் பருவத்தில், எந்த நிலையில் வாங்கினார்கள், அதை என்னவென்று நினைத்து வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இலையுதிர்காலப் பூச்செடிகள் கடைக்கு மூன்று உருவத்தில் வருகின்றன: பூத்த தொட்டியாக, பூக்காத பச்சைக் கன்றாக, உறைக்குள் காய்ந்த கிழங்காக. எந்தச் செடியை எந்த உருவத்தில் வாங்கினால் பலன் கிடைக்கும் என்பதே இந்த மதிப்பீடு. செவ்வந்திக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். அதிகம் விற்பதும் அதுதான், அதிக ஏமாற்றம் தருவதும் அதுதான்.

பூத்த செவ்வந்தித் தொட்டி

இந்தத் தொட்டி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். செவ்வந்தி குறும்பகல் செடி. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். ஆகவே பண்ணையில் 15 செ.மீ. தொட்டியில் நான்கைந்து நுனித் தண்டுகளைச் சேர்த்து ஊன்றி, வேர் பிடித்ததும் நுனி கிள்ளுகிறார்கள். பிறகு மாலையில் கறுப்புத் துணியால் மூடிக் காலையில் திறந்து, கோடையிலேயே நீண்ட இரவைப் பழக்கிவிடுகிறார்கள். அந்த நாளிலிருந்து ரகத்தைப் பொறுத்து 7 முதல் 10 வாரத்தில் பூ வந்துவிடும். தண்டு நெடுநெடுவென்று வளராமல் இருக்க டாமினோசைடு போன்ற வளர்ச்சிக் குறைப்பான் தெளிப்பதும் வழக்கம். ஒரே சீரான அந்த உருண்டை வடிவம் நம் கைக்கு வரும்போது அதற்குப் பின்னால் இத்தனை வேலை முடிந்திருக்கிறது. அதே வடிவத்தை அடுத்த வருடமும் செடி தானாகத் தரும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. குறைப்பானின் வேகம் அடங்கியதும் இரண்டு மடங்கு உயரம்கூடப் போகும். ரகம் மாற்றித் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், செடியின் இயல்பான உயரமே அதுதான்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பூவின் நடுவைப் பாருங்கள். ஒரு செவ்வந்திப் பூ உண்மையில் நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் கூட்டம். நாம் இதழ் என்று சொல்லும் ஒவ்வொன்றும் வெளிவட்டத்துச் சிறுபூ. நடுவில் பொத்தான் போல இருப்பவை உள்வட்டத்துச் சிறுபூக்கள். அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி வரிசை வரிசையாக மலரும். நடுப்பகுதி பச்சை கலந்து இறுக்கமாக இருந்தால் பூ இளசு. விரலால் தொட்டதும் மஞ்சள் தூள் ஒட்டினால் அது பாதி ஆயுளைக் கடந்த பூ. நடு தெரியாத அடுக்குப் பூவாக இருந்தால் திருப்பிப் பாருங்கள். கடைசி வரிசை இதழ்கள் சுருங்கியோ பழுப்பு ஓரத்துடனோ இருந்தால் வேறு தொட்டி எடுங்கள்.

முழுக்கப் பூத்ததை வாங்கினால் விருந்தாளி வந்து போனது போலத்தான். முழுப் பச்சை மொட்டாக இருப்பதும் ஆபத்து: வெளிச்சம் குறைந்த இடத்தில் அவற்றில் பல திறக்காமலே நின்றுவிடும், திறந்தாலும் நிறம் வெளுத்திருக்கும். மொட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு நிறம் காட்டத் தொடங்கிய தொட்டியே சரியான தேர்வு. 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் அப்படிப்பட்ட தொட்டி நான்கு வாரமாவது பார்க்கும்படி நிற்கும். சூடான அறைக்குள் வைத்தால் அதில் பாதிக் காலம்கூடத் தாங்காது.

அடுத்து தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காற்றாகக் கனமில்லாமல் வந்தால் அது ஒரு முறையாவது காய்ந்து வாடிய செடி. வாடி எழுந்த செவ்வந்தியில் அடியிலைகள் வரிசையாக மஞ்சளாகும், மொட்டு உதிரும். பிறகு ஓர் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டுங்கள். மேலே வெளிர்மஞ்சள் புள்ளி, நேர் கீழே பாலேடு நிறத்தில் மரு போன்ற மேடு என்றால் அது வெள்ளைத் துரு நோய். பல நாடுகளில் தடுப்புக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பூஞ்சை இது. ஒரு தொட்டியில் கண்டாலும் அந்த வரிசையிலிருந்தே எதையும் எடுக்காமல் வருவது நல்லது. நரம்புகளுக்கு இடையில் மட்டும் ஆப்பு வடிவில் பழுப்பேறிய இலைகள், அதுவும் அடியிலிருந்து மேலேறி வந்தால், இலை நூற்புழு. அதற்கு வீட்டளவில் மருந்து இல்லை. நுனியில் கருமையாக மொய்க்கும் அசுவினி இருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே போய்விடும்.

இனி முக்கியமான கேள்வி: இது ஒரு பருவத்துச் செடியா, வருடக்கணக்கில் நிற்கும் செடியா? அட்டையில் இது தெளிவாக எழுதப்பட்டிருப்பது அபூர்வம். மண்மட்டத்தைக் கிளறிப் பாருங்கள். நான்கைந்து தனித்தனித் தண்டுகள் சுற்றிலும் ஊன்றியது போல நின்று, அவற்றைச் சுற்றிப் புதுக் குருத்து எதுவுமே இல்லையென்றால் பெரும்பாலும் அது அறை அலங்காரத்துக்காக வளர்த்த ரகம். ஒரே அடித்தண்டிலிருந்து கிளைத்து, மண்ணுக்குள்ளிருந்து விரல்நுனி அளவு பச்சைக் கன்றுகள் எட்டிப் பார்த்தால் அது தோட்ட ரகம். நிலத்தடித் தண்டு விட்டுப் பரவும், குளிர்காலத்தைத் தாண்டும். வருடக்கணக்கில் வைத்திருக்க வாங்குவோர் பூவை எண்ணுவதைவிட இந்தக் கன்றுகளை எண்ணுவது மேல்.

வீட்டுக்கு வந்ததும் சுற்றியுள்ள பளபளப்பு உறையைக் கழற்றி எறியுங்கள். அதற்குள் தேங்கும் தண்ணீர்தான் வேரழுகலுக்கு முதல் காரணம். தொட்டி நிறைய வேர் பின்னிக் கிடப்பதால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவேர் காய்ந்தே இருக்கும். வாளித் தண்ணீரில் தொட்டியை 20 நிமிடம் அமிழ்த்தி, குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். பிறகு மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்ததும் தண்ணீர் விட்டால் போதும். பூவின் மேல் ஊற்றாதீர்கள், இதழ்களுக்கிடையே ஈரம் தங்கினால் சாம்பல்பூசணம் பிடிக்கும். தொடர்மழை நாட்களில் கூரையடிக்கு நகர்த்துவதும் இதற்காகத்தான். பூத்திருக்கும்போது உரம் தேவையில்லை.

அடுத்த வருடம் ஏன் பூக்கவில்லை?

தொட்டிச் செவ்வந்தி பற்றி வரும் கேள்விகளில் இதுவே முதலிடம். செடி செழிப்பாக, கரும்பச்சையாக இருக்கும், ஒரு மொட்டும் இருக்காது. உரத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் இரவில் வெளியே போய்ச் செடி மேல் வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். தெருவிளக்கு, வாசல் விளக்கு, எதிர்வீட்டு விளம்பரப் பலகை, எதுவானாலும் இரவின் நடுவில் விழும் வெளிச்சம் நீண்ட இரவை இரண்டு சிறு இரவுகளாக உடைத்துவிடுகிறது. பூக்காமல் வைத்திருக்க வேண்டிய தாய்ச்செடிகளுக்குப் பண்ணைக்காரர்கள் நள்ளிரவில் விளக்குப் போடுவதும் இதே தத்துவத்தில்தான். செடி பகலை அளப்பதில்லை, இருட்டை அளக்கிறது.

தீர்வு எளிது. விளக்கு எட்டாத மூலைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் மாலை 5 மணிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிக் காலை 8 மணிக்கு எடுங்கள். மொட்டுகள் நிறம் காட்டும் வரை தினமும் செய்ய வேண்டும். நடுவில் நான்கைந்து நாள் விட்டுப்போனாலும் பூ தள்ளிப்போகும்.

இருட்டுக்கு அடுத்த காரணம் வெப்பம். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் மொட்டு உருவாவதே தாமதமாகும், உருவானவையும் சீரற்று வளரும். கோடை நீண்ட வருடத்தில் செவ்வந்தி இரண்டு மூன்று வாரம் தாமதித்தால் செடியில் குறையில்லை. மூன்றாவது காரணம் நம் கை: காலம் கடந்து நுனி கிள்ளுவது. கிள்ளிய ஒவ்வொரு முறையும் புதுக்கிளை வளர்ந்து முதிர வேண்டும். பூ வேண்டிய காலத்துக்கு ஏறத்தாழ 100 நாள் முன்பு கடைசிக் கிள்ளல் முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு கத்தரியைத் தொடக் கூடாது.

வருட வேலை இப்படிப் போகும். பூ முடிந்ததும் வாடிய தலைகளை மட்டும் எடுங்கள். உறைபனி உள்ள இடமானால் தண்டுகளை அப்படியே நிற்கவிட்டு, அடியில் 10 செ.மீ. கனத்துக்கு உலர்ந்த இலை மூடாக்குப் போடுங்கள். தண்டு நின்ற செடிகளே குளிரை நன்றாகத் தாண்டுகின்றன. நிலத்தில் நடுவதானால் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே நட்டு வேர் பிடித்திருக்க வேண்டும். முழுப்பூவோடு கடைசி நேரத்தில் வாங்கி நட்ட செடி செத்துப்போவதற்கு இதுவே காரணம்: சத்தெல்லாம் பூவுக்குப் போய்விட்டது, வேருக்கு நாள் இல்லை. குளிரைவிட ஈரம் கொல்லும் என்பதால் தண்ணீர் தேங்கும் பாத்தி கூடவே கூடாது.

வசந்தத்தில் அடியிலிருந்து கன்றுகள் கிளம்பும்போது பழைய நடுக்கட்டையை விட்டுவிடுங்கள், அதன் வேலை முடிந்தது. 5 முதல் 7 செ.மீ. நீளத்தில் ஓரத்துக் கன்றுகளைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, தேங்காய் நார்க் கழிவும் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகளும் பாதிப்பாதி கலந்ததில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். 40 முதல் 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். 15 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக்கிளைகள் அதே நீளம் வந்ததும் மறுபடி ஒரு முறை. மொட்டு நிறம் காட்டும் வரை மாதம் இருமுறை திரவ உரம். உயர ரகங்களுக்குச் செடி சாயும் முன்பே குச்சி.

மதிப்பீடு: பூத்த தொட்டியை ஒரு மாத அழகுக்காக வாங்கினால் முழு மதிப்பெண். நிலைத்த செடிக்காக என்றால் அதை வாங்க வேண்டாம். வசந்தத்தில் சிறு குழித்தட்டுகளில் வரும் வேர்பிடித்த தோட்ட ரகக் கன்றுகளைத் தேடுங்கள். கண்ணுக்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும் அந்தக் கன்று இலையுதிர்காலத்துக்குள் கடைத் தொட்டியைவிடப் பெரிய புதராகிவிடும். பெயர்ச்சீட்டில் கிரைசாந்திமம் என்றோ டென்ட்ராந்தெமா என்றோ இருக்கலாம். பின்னது ஒரு காலத்தில் புழங்கிய பெயர், செடி ஒன்றே.

ஆஸ்டர்: பச்சையாக வாங்க வேண்டியது

இதில் பெயர்க்குழப்பம் முதலில் தீர வேண்டும். விதைப் பொட்டலத்தில் ஆஸ்டர் என்று விற்பது பெரும்பாலும் சீன ஆஸ்டர். ஒரு பருவத்தில் முடிந்துவிடும். அதே மண்ணில் அடுத்த வருடமும் போட்டால் வாடல் நோய் பிடிக்கும். இலையுதிர்காலத்தை நீலமும் ஊதாவுமாக நிரப்பும் பல்லாண்டு ஆஸ்டர் வேறு. அதிலும் இரண்டு வகை அடுத்தடுத்து விற்கும்: நியூ இங்கிலாந்து ஆஸ்டர், நியூயார்க் ஆஸ்டர். தடவிப் பார்த்தே பிரிக்கலாம். முதலாவதன் தண்டும் இலையும் சொரசொரப்பாக, மென்முடியோடு இருக்கும். இரண்டாவது வழவழப்பு. இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல, ஏனென்றால் நியூயார்க் வகை சாம்பல் நோய்க்குத் தாராளமாக இடம் கொடுக்கும். கோடை முடிவில் இலையெல்லாம் மாவு பூசியது போலாகி, பூ வரும்போது தண்டு மொட்டையாக நிற்கும். வேர் வறண்டு, காற்று ஓடாமல் நெருக்கமாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். காற்றோட்டமும் அடியில் ஊற்றும் தண்ணீரும் ஓரளவு காக்கும், முழுதும் காக்காது. இடம் இருந்தால் நியூ இங்கிலாந்து வகையே எடுங்கள். 1.2 மீட்டர் தாண்டி வளரும், அடியிலைகள் உதிர்ந்து கால் தெரியும். முன்னால் ஒரு குட்டைச் செடி வைத்தால் அது மறையும். வசந்த இறுதியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் உயரம் குறையும், பூ சில நாள் தள்ளி ஆனால் அடர்த்தியாக வரும்.

இந்த இரண்டையும்விட நம்பகமானது ஃப்ரிகார்ட் ஆஸ்டரின் மோன்ச் ரகம். சுவிட்சர்லாந்தில் ஃப்ரிகார்ட் என்ற பண்ணைக்காரர் உருவாக்கிய கலப்பினங்களில் ஒன்று, அந்நாட்டு மலைச்சிகரத்தின் பெயர் கொண்டது. நடுக்கோடையில் தொடங்கி இலையுதிர்காலம் முடிய இளநீலப் பூவை நிறுத்தாது. சாம்பல் நோய் அண்டுவது அரிது. ஒரே ஒரு நிபந்தனை, குளிர்கால ஈரத்தை அது பொறுக்காது. அதனால் இலையுதிர்காலத்தில் பூவோடு விற்றாலும் வாங்கி உடனே நிலத்தில் வைக்காமல், வசந்தத்தில் வடிகால் நன்றாக உள்ள இடத்தில் நடுங்கள்.

செடமும் அனிமோனும், சுருக்கமாக

ஹெர்ப்ஸ்ட்ஃப்ராய்டே என்ற செடம், ஆங்கிலப் பெயரில் ஆட்டம் ஜாய், ஜெர்மனியின் கெயோர்க் ஆரெண்ட்ஸ் உருவாக்கியது. தடித்த இலை, தட்டையான பூங்கொத்து, வெளிர்சிவப்பில் தொடங்கிச் செம்பு நிறமாகிப் பழுப்பில் முடியும். எந்த உருவத்தில் வாங்கினாலும் பிழைக்கும். கெடுப்பது நம் அக்கறைதான்: உரமும் தண்ணீரும் கூடினால் புதர் நடுவில் பிளந்து நாலாபக்கமும் சாயும். ஏழை மண், முழு வெயில், வசந்த இறுதியில் பாதி உயரத்துக்கு ஒரு வெட்டு. அவ்வளவே.

ஜப்பான் அனிமோன் நிழல் கலந்த இடத்துக்கு உகந்தது. வெள்ளையில் ஹானரீன் ஜோபேர் ரகத்துக்கு இன்றும் நிகரில்லை. 1858-இல் பிரான்சின் வெர்டனில் இளஞ்சிவப்புச் செடி ஒன்றில் தானாகத் தோன்றிய வெள்ளைக் கிளையிலிருந்து வந்தது. முதல் வருடம் ஒன்றும் நடக்காது, செத்துவிட்டதென்று தோண்டிவிடாதீர்கள். மூன்றாம் வருடத்தில் அதை நிறுத்துவதுதான் பிரச்சினை. அறுந்த வேர்த்துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாகும். சிறு தோட்டத்தில் சுவருக்கும் நடைபாதைக்கும் இடைப்பட்ட துண்டு நிலத்தில் அடக்கி வையுங்கள்.

உறைக்குள் வரும் கிழங்குகள்

கோல்கிகம் கிழங்குபோல வேறெந்தச் சரக்கும் இவ்வளவு வியப்பைத் தருவதில்லை. மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் சன்னல் திட்டில் வைத்தாலே பூத்துவிடும். இலை கிடையாது, நேராகத் தரையிலிருந்து இளஞ்சிவப்புக் கிண்ணங்கள் மட்டும் எழும். பூவின் கீழே வெள்ளையாக நீளும் தண்டைத் தொட்டுப் பாருங்கள். அது தண்டே இல்லை, பூவின் குழல். சூலகம் கீழே மண்ணுக்குள் கிழங்கின் அருகில் இருக்கிறது, வசந்தத்தில் இலை வரும்போதுதான் காயும் வெளியே வரும். அந்த மெல்லிய குழலுக்குப் பிடிமானம் இல்லாததால் ஒரு பலத்த மழைக்கே பூ படுத்துவிடும். எனவே வெறுமண்ணில் நடாமல், தரையில் படரும் குட்டைச் செடிகளுக்கு நடுவே நடுங்கள், அவை தாங்கிக்கொள்ளும். கோடை முடிவில், கடைக்கு வந்தவுடனே வாங்கி, கிழங்கின் மேல் 10 செ.மீ. மண் இருக்கும்படி, 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். உறைக்குள்ளேயே பூ நீண்டு வெளுத்துவிட்ட கிழங்கையும் நடலாம். அந்த வருடப் பூ போய்விடும், கிழங்கு பிழைத்துக்கொள்ளும். வசந்தத்தில் வரும் அகன்ற இலைகள் மஞ்சளாகும் வரை வெட்டவே கூடாது.

எச்சரிக்கை ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய இந்த உறைகளில் அது பொடி எழுத்தில்தான் இருக்கிறது: செடியின் எல்லாப் பகுதியும் கொடிய நஞ்சு. நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே கோல்கிசின்தான் இதிலும் இருக்கிறது. சிறு குழந்தைகளோ செடியைக் கடிக்கும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள். கிரோக்கஸ் பூவும் இதுவும் ஒன்று போலிருக்கும், மகரந்தக் காம்புகளை எண்ணினால் தெரிந்துவிடும்: கிரோக்கஸில் மூன்று, கோல்கிகத்தில் ஆறு.

அந்தக் கிரோக்கஸ் குடும்பத்துக் குங்குமப்பூச் செடியும் இதே பருவத்தில் உறையில் வரும். வாங்கும்போது எண்ணிக்கையைவிடப் பருமனைப் பாருங்கள். சுற்றளவு 9 செ.மீ. தாண்டிய கிழங்கு முதல் வருடமே பூக்கும். மலிவாக நிறையக் கிடைக்கும் கோலிகுண்டு அளவுக் கிழங்குகள் இலை மட்டும்தான் விடும். 10 முதல் 15 செ.மீ. ஆழம், முழு வெயில், கோடையில் எலும்பு போல உலர்ந்த மண். முதல் வருடம் பூத்துவிட்டுப் பிறகு பூக்காமல் போவதுதான் இதன் வழக்கமான புகார். குளிர்காலம் முழுக்க நிற்கும் புல் போன்ற இலைகளுக்கு வெயில் கிடைக்காததும், கோடையில் மற்ற செடிகளோடு சேர்த்துத் தண்ணீர் விட்டதுமே காரணம். இந்தச் செடி விதை வைக்காது, மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்ட மலட்டுச் செடி. புதுக்கிழங்குகள் அந்த இலைகளின் உழைப்பால்தான் பருக்க வேண்டும்.

இலையுதிர்காலச் சைக்ளமனை, அதாவது ஹெடரிஃபோலியம் வகையை, காய்ந்த கிழங்காக வாங்கவே வேண்டாம். உலர்ந்து கட்டையானவை முளைக்கப் பல மாதம் எடுக்கும், பல முளைப்பதே இல்லை. தொட்டியில் வளரும் செடியாக வாங்கி, கிழங்கின் மேல் 3 முதல் 5 செ.மீ. மண் வரும்படி நடுங்கள். கிழங்குதான் கிடைத்தது என்றால் எந்தப் பக்கம் மேலே என்று குழம்பும்: இந்த வகையில் வேர் மேற்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரும், வழவழப்பான பக்கமே அடி.

டேலியா: உழைப்பைக் கேட்கும், வட்டியோடு திருப்பித் தரும்

உறைபனி விழும் நாள் வரை ஓயாமல் பூப்பது டேலியாதான். ஆனால் கிழங்குப் பொட்டலங்களில் தரக்குறைவு அதிகம் காண்பதும் இதில்தான். உருளைக்கிழங்கில் கண் எங்கும் இருக்கும். டேலியாவில் கிழங்கும் பழைய தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் மட்டுமே கண் இருக்கும். எவ்வளவு பருத்த கிழங்கானாலும் கழுத்து ஒடிந்திருந்தால் முளைக்காது. உறையின் வெளியிலிருந்தே கழுத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். தொங்கினால் வைத்துவிடுங்கள். சுருங்கிய கிழங்கு பிழைக்கும், கொழகொழத்தது பிழைக்காது.

மண் 15 டிகிரி சூடேறிய பிறகு 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். அப்போதே குச்சியையும் ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். முளை மண்ணுக்கு மேலே தெரியும் வரை தண்ணீர் விடாதீர்கள். வேர் இல்லாத கிழங்குக்குத் தண்ணீர் விட்டதால் அழுகியவையே முளைக்காதவற்றில் பாதிக்கு மேல். முளைத்ததும் நத்தைகளிடமிருந்து காப்பாற்றுங்கள். நான்கு ஜோடி இலை வந்ததும் நடுக்குருத்தைக் கிள்ளுங்கள். மனம் வராது, ஆனால் கிள்ளாத செடி ஒற்றைக் கம்பமாக நின்று பத்துப் பூவோடு முடியும். தழைச்சத்து மிகுந்த உரம் கொடுத்தால் இலைதான் மிஞ்சும்.

வாடிய பூவை நீக்கும்போது பலர் புதுமொட்டைக் கிள்ளிவிடுகிறார்கள், இரண்டும் பச்சை உறைக்குள் ஒன்று போலவே இருக்கும். உருண்டையாக, பொத்தான் போல இருப்பது மொட்டு. கூம்பாக, நுனி நீண்டு, அழுத்தினால் ஈரமாக இருப்பது இதழ் உதிர்ந்த பழைய தலை. கூம்பைக் காம்போடு, அடுத்த கணு வரை வெட்டுங்கள். வாரம் இரண்டு முறை இதைச் செய்தால் பூ நிற்காது.

முதல் உறைபனியில் இலை கருகியதும் ஒரு வாரம் விட்டு, தண்டை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, சுற்றிலும் ஓர் அடி தள்ளி முள்கரண்டியால் நெம்பி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து ஒடியும். உள்கூடான தண்டில் தேங்கிய நீர் வடிய, தலைகீழாகச் சில நாள் வைத்துப் பிறகு வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளை லேசாக ஈரமாக்கி அதில் புதைத்து, 4 முதல் 10 டிகிரி குளுமையில் வையுங்கள். உறைபனியே இல்லாத, வடிகால் நல்ல மண்ணானால் நிலத்திலேயே விடலாம். மாதம் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். சுருங்கியிருந்தால் சிறிது தண்ணீர் தெளியுங்கள், மெத்தென்று அமுங்கும் இடத்தை வெட்டி எறியுங்கள். குத்தைப் பிரிக்க அவசரம் வேண்டாம். இலையுதிர்காலத்தில் எந்தத் துண்டில் கண் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். வசந்தத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி இரண்டு வாரம் விட்டால், கழுத்தில் குண்டூசித் தலையளவில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் புடைத்து நிற்கும். அந்தப் புள்ளியில் ஒன்றாவது ஒவ்வொரு துண்டிலும் இருக்கும்படி கூர்மையான கத்தியால் வெட்டி, வெட்டுவாய் ஒரு நாள் உலர்ந்த பிறகு நடுங்கள்.